அணியத்தில் ஊற்றிய தீர்த்தம்

என் மனைவி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். குளிக்க வார்ப்பது, சூப் பருக்குவது, குளிசைகளை வேளைக்கு வேளை எடுத்துக் கொடுப்பது, பின்னேரத்தில் சில்லுக் கதிரையில் வைத்துத் தெருவைச் சுற்றிக் காட்டுவது. போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அந்தக் கிழவி எப்படியாவது குறுக்கே வந்துவிடுவாள். பல் இல்லாத வாயால் சிரித்து எனக்குக் கை காட்டுவாள். நானும் மரியாதைக்குக் கை காட்டுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். பெண்சாதியோடு கதைக்கக் கிடைக்கும் கொஞ்ச நேரத்திலும் இவளுக்கு என்ன பங்கு? சாகப் போகிற வயதில் இருக்கும் ஒரு மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு நான் வந்திருந்தேன்.

வீடு கட்டுவதற்காகத்தான் அவள் போனாள். வீடு கட்டி முடிந்தது. கூரைக்கு ஓடு போட்டு, முன்பக்கத்துக்கு இரும்புக் கேட்டும் போட்டாயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒருவன் ஒரு அறையில் படுத்துக்கொண்டு மற்ற அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். "இந்த வருசத்தோட வந்திருவன்" என்பாள். பிறகு கிழவி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது என்பாள், கிழவியின் மகள் போக வேண்டாம் என்று அழுகிறாள் என்பாள். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான் கத்தினேன். அவளும் கத்தினாள்.

"நான் வந்தா என்னத்தில சீவிக்கிறது? உங்கட வேலை இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இல்ல. நிரந்தரமா ஒரு வேலை கிடைக்கட்டும். அண்டைக்கே பெட்டியக் கட்டுறன்."

அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிரந்தர வேலை கிடைத்தால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு நான் யோசித்ததெல்லாம் அது ஒன்றைத்தான்.

என் தொழில் கண்ணாடி இழை பொருத்துவது. நாட்டில் சண்டை முடிந்த கையோடு எங்கள் பக்கத்து வீதியைப் புதிதாகப் போட்டார்கள். தார் ஆறுவதற்குள் அதே வீதியின் கரையைக் கிண்டி இன்டர்நெட் கேபிளைத் தாட்டார்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை அந்தக் கேபிளுக்குள் ஓடும் இழைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டியவர்களில் நானும் ஒருவன். தலைமயிர் தடிப்பில் கண்ணாடி. நுனியை நேராக வெட்டத் தெரிய வேண்டும். வெட்டுப் பிசகினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உடனே காட்டிக் கொடுத்துவிடும். வேலை நல்ல வேலைதான். ஆனால் கொந்தராத்து முடிந்தால் அதுவும் முடிந்தது. அடுத்த வீதியைக் கிண்டும் வரை வீட்டைக் கூட்டலாம்.

அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் மிஸ் வந்தார். கொழும்புப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றில் விரிவுரையாளர். என்னைவிட வயதில் இளையவர். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, காலில் ஆண்களின் சப்பாத்தோடு வந்து, இழை வெட்டத் தெரிந்த ஆள் நீங்கள்தானா என்று கேட்டார். மாம்புரிக்குக் கிட்ட இருந்த போட் யார்டில் அவருக்கு ஒரு வேலை இருந்தது.

எங்கள் கரையில் ஓடும் போட்டெல்லாம் கண்ணாடி நாரும் ரெசினும்தான். அச்சுக்கு மெழுகு பூசி, கண்ணாடி நாரில் செய்த பாயை அதற்குள் விரித்து, இறுக்கும் மருந்து கலந்த ரெசினை ஊற்றி ரோலரால் உருட்டுவார்கள். அதற்கு மேல் அடுத்த பாய். மருந்து பட்ட ரெசின் சூடேறிக் களியாகி, பிறகு கல்லாக இறுகும். மேலே தட்டிப் பார்த்தால் இறுகியது தெரியும். நடுவில் கிடக்கும் பாய்களில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே பச்சையாக ஏதாவது மிஞ்சினால், ஒரு நாள் நடுக்கடலில் அந்த இடம் உப்புத் தண்ணீரைக் குடித்து ஊதிப் பிரியும்.

மிஸ் செய்ய நினைத்தது இவ்வளவுதான். இழையின் நுனியைப் பாய்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, வெளியே இருக்கும் முனையிலிருந்து வெளிச்சம் அனுப்ப வேண்டும். நுனியில் பட்டுக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். ரெசின் தண்ணியாக இருக்கும்போது திரும்பி வருவது மிகவும் குறைவு. இறுக இறுக அது கூடும். சூடு பிடிக்கும் நேரம் ஒரு தடவை சறுக்கும், பிறகு ஏறத் தொடங்கும், ஏறி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தம்.

"பிறகு இழையை எப்பிடி மிஸ் வெளிய எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"எடுக்க ஏலாது. போட் இருக்கிற வரைக்கும் அது உள்ளுக்குத்தான்."

ஒரு முழுப் போட்டில் இதைச் செய்து காட்டினால் பணம் கொடுப்பவர்கள் பெரிய திட்டமாக எடுப்பார்கள் என்றும், கரை நெடுகிலும் இருக்கும் யார்டுகளுக்குப் போய்வர ஓர் ஆளை நிரந்தரமாக எடுப்பார்கள் என்றும் சொன்னார்.

"நிரந்தரம் எண்டா, மெய்யாவே நிரந்தரமா மிஸ்?"

"ஓம். பென்ஷன் இல்ல. மற்ற எல்லாம் இருக்கு."

அன்று போனில் இதைச் சொன்னபோது என் மனைவி "மாதாவே" என்றாள். கோயிலின் ஆவணித் திருநாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அந்த நேரம்தான் போட்டும் போடப்படும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போதுதான் போட் கட்டுவார்கள், வாடைக்காற்று வந்து கடல் படுத்ததும் இறக்கிவிட. எல்லாம் கூடி வருகிறது என்று சந்தோசத்தில் வீட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தேன்.

அவள் வந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். எனக்கு அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது. அவளோ விடியும் முன்னே எழுந்து யாரையோ தேடுகிறவள் போல வீட்டுக்குள் நடந்தாள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றாள். கேத்தல் எங்கே என்று கேட்டாள். தேத்தூள் எங்கே என்று கேட்டாள். அவள் வீட்டில் அவள் என்னிடம் கேட்டுக் கேட்டு எடுத்தாள். ஒவ்வொரு பின்னேரமும் கிழவியின் மகள் போன் எடுத்துத் தாயிடம் கொடுப்பாள். அப்போது என் மனைவி முற்றத்துத் தென்னைக்குக் கீழே போய் நின்று இத்தாலி பாஷையில் கதைப்பாள். அந்தப் பாஷையில் அவளுடைய குரல் வேறு. பெலத்துச் சிரிப்பாள், செல்லமாக அதட்டுவாள். என்னை அப்படி அதட்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆளுக்காக ஏங்குவது தூரத்தில் இருக்கும் ஆளுக்காக ஏங்குவதைவிட மோசம். அதை அந்தப் பின்னேரங்களில்தான் கண்டேன். ஆனாலும் வேலை மட்டும் கிடைக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

யார்டின் முதலாளி கற்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். மிஸ்ஸின் யோசனை அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"மீன் புடிக்கிற போட்டுக்குள்ள டெலிபோன் லைன் எதுக்கு மகன்? மீனுக்குக் கோல் எடுக்கவா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஆனால் இடம் கொடுத்தார். போட் பழுதாகாவிட்டால் சரி என்றார்.

போட் போடும் நாளன்று நான் காலையிலேயே இழைகளை வெட்டி, நுனி இரண்டாம் பாய்க்கு மேலே வரும்படி அச்சில் பொருத்தினேன். பின்பக்கத்துக் கடையாரில் ஒன்று, இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்று. முன்பக்கத்து அணியம் ஒடுங்கிய இடம், ரெசின் அங்கே தடிப்பாகத் தேங்கும் என்பதால் மிஸ் அங்கே இரண்டு வைக்கச் சொன்னார். ஒன்று உடைந்தால் மற்றது பேசட்டும் என்றார். முதல் இரண்டு பாயும் போட்டு உருட்டியானதும், அது களியாகும் வரை மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். என் மனைவி எல்லாருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவாய்க் கறி. மிஸ் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து யார்டைச் சுற்றிப் பார்க்கப் போனாள்.

எங்கள் கத்தோலிக்க ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மர வள்ளம் கட்டிய காலத்தில், அடிக்கு ஏராக்கட்டையை வைத்ததும், ஆணி ஒன்று அடிக்கும் முன்னே, வீட்டுப் பெண் வந்து அதில் தீர்த்தம் தெளிப்பாள். கட்டி முடித்த பிறகு சுவாமி வந்து மந்திரிப்பது வேறு. இது தொடக்கத்துக்கு. பைபர் போட் வந்த பிறகு ஏராக்கட்டை இல்லை. அதனால் வெறும் அச்சில் தெளிப்பார்கள், போட் கட்டும் மேஸ்திரிமாரான பாஸ்மார் அதைப் பழந்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அன்று அந்தப் போட்டுக்குத் தெளிக்க யாரும் வரவில்லை. மிஸ்ஸின் போட் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த பாய்களையும் போட்டு முடித்தார்கள். நானும் மிஸ்ஸும் மீட்டருக்கு முன்னால் இருந்தோம். எல்லா எண்களும் சூட்டில் ஒரு தடவை சறுக்கின. பிறகு கடையார் ஏறியது. பக்கங்கள் ஏறின. அணியம் மட்டும் கொஞ்சம் ஏறி, பாதி வழியில் படுத்துவிட்டது. மற்ற மூன்றும் மேலே போய் அசையாமல் நின்ற பிறகும் அது கீழேயே கிடந்தது.

"நுனி ஒழுங்கா வெட்டினீங்களா?" என்று மிஸ் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மிஸ், இந்த ரோட்டு முழுக்க இன்டர்நெட் ஓடுது. அது நான் வெட்டின வெட்டு." சொன்ன பிறகுதான் கொஞ்சம் கூடிவிட்டது என்று தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டாவது இழையைப் பொருத்திப் பார்க்கச் சொன்னார். அதுவும் அதே இடத்தில்தான் கிடந்தது. இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் பிழை இழையில் இல்லை என்றார்.

அடுத்த நாள் காலையிலும் எண் அசையவில்லை. முதலாளி வந்து அணியத்தை முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"இது கல்லு மாதிரி இறுகிப் பெய்த்து மகன். ஒங்கட லைன்லதான் கோளாறு."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. மேலே உண்மையாகவே கல்லாகத்தான் இருந்தது. மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். வெட்டிப் பார்க்கலாம், ஆனால் வெட்டி உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் கதை அதோடு முடிந்தது, இந்தக் கருவியை நம்பி யாரும் காசு போடமாட்டார்கள் என்றார். வெட்டாமல் விட்டால் எண் ஏன் ஏறவில்லை என்று எழுத முடியாது, அதுவும் முடிவுதான்.

வெட்டுவோம் என்றேன். என் வேலையும், என் பெண்சாதி வீட்டில் நிற்பதும் அந்த ஒரு சாண் இடத்துக்குள் கிடந்தது. உள்ளே பழுது இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். ஒரு போட்டுக்குள் பழுது இருக்க வேண்டும் என்று கும்பிட்ட முதல் மீன்பிடிகாரன் மகன் நானாகத்தான் இருப்பேன்.

கிரைண்டர் தூசு பறந்தது. மேலே இருந்த இரண்டு பாயும் காய்ந்த மரம் போல அறுபட்டன. அதற்குக் கீழே தகடு வழுக்கியது. கிரைண்டர் பிடித்த பாஸ் நிறுத்திவிட்டு உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, திரைந்த பால் போல, விரலில் ஒட்டும் பச்சை ரெசின். அந்த மணம் மூக்கில் அடித்ததும் நான் போட்ட சத்தத்தில் வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மிஸ் படம் படமாக எடுத்தார். கையும் கண்ணும் நல்லது என்று சொன்ன இடத்தில் இழை மட்டும் பழுதைக் கண்டுபிடித்துவிட்டது. அதைவிட வேறென்ன வேண்டும்?

"தண்ணி பட்டிருக்கு" என்றார் பாஸ். "வேற ஒண்டும் ரெசின இப்பிடி வெள்ளையாக்காது. ஆரு தண்ணி கொண்டு வந்த?"

"நான்தான்" என்று பின்னாலிருந்து கேட்டது. என் மனைவி தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு நின்றாள். "இத்தாலியில ஒரு மாதா கோயில்ல இருந்து கொண்டு வந்த தீர்த்தம். நேத்து நீங்க சாப்பிடக்குள்ள அணியத்து மூலைக்குள்ள ஊத்தினன், அது பாயில ஊறிட்டுது. அச்சுக்குத் தெளிச்சா துடைச்சிருவாங்கதானே. இது உள்ளுக்கு இருக்கட்டும் எண்டு நெனச்சன். போத்தல் முழுக்க ஊத்தினன்."

பாஸ் உளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போட்டின் மூக்கு போய்விட்டது, முதலாளி என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நிய்யத்து நல்லந்தானே புள்ள" என்றார். "எண்ணம் நல்லமெண்டா அல்லாஹ் பழுதாக்கமாட்டான். வெட்டின இடத்துக்கு வேற பாய் போட்டா ஆச்சி. தேத்தண்ணிய ஊத்து."

மிஸ் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்தார். "அக்கா, நீங்க ஊத்தாட்டி நாங்க நாலு இடமும் ஒழுங்கா ஏறினதை மட்டும்தான் காட்டியிருப்பம்" என்றார். பிறகு ஒரு ஓரமாகப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். திரும்பி வரும்போதே முகத்தில் சிரிப்பு. உங்கட வேலை அநேகமாக உறுதி என்றார்.

நாங்கள் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். சோளகத்துக்குக் கடல் கரையில் ஏறி ஏறி விழுந்தது. கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் வாயை மூடவேயில்லை. பட்டம் படித்த ஆட்கள் செய்யாததை நீ ஒரு போத்தல் தண்ணியில் செய்துவிட்டாய் என்று அவளைக் கேலி செய்தேன். இனி யார்டுக்கு யார்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீ பழுதாக்கு, நான் கண்டுபிடிக்கிறேன் என்றேன். இத்தாலிக்கு இன்றைக்கே போன் எடுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய்க் கவிழ்த்துக் கிடந்த ஒரு போட்டின் நிழலில் மணலில் இருந்துவிட்டாள்.

"நான் திரும்பிப் போறன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "வேலைதான் கிடைச்சிட்டுதே. கிடைச்சா நிப்பன் எண்டு நீதானே சொன்ன?"

"கிடைக்காது எண்டு நெனச்சுத்தான் சொன்னன்."

அவள் அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் தடுமாறாமல் சொன்னாள். "அங்க நான் எழும்பினாத்தான் அந்த வீடு எழும்பும். அந்த மனுஷி என்ர கையால தந்தாத்தான் வாயத் திறக்கும். இங்க நீங்க எல்லாத்தையும் கூட்டித் துடைச்சு, பெயின்ட் அடிச்சு வச்சிருக்கிறீங்க. நான் எந்த இடத்தில இருக்கிறதெண்டு தெரியல்ல. வந்த நாள்ல இருந்து தேடுறன்."

"அப்ப ஏன் தீர்த்தம் ஊத்தின?" என்று கேட்டேன். "எனக்கு வேலை கிடைக்கோணும் எண்டுதானே ஊத்தின?"

"ஓம், அதுக்குத்தான். நான் போன பிறகு பிடிச்சுக்கொள்ள உங்களுக்கு ஒண்டு வேணும்தானே. அதைத்தான் மாதாட்டக் கேட்டன்."

அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். வழக்கமாகக் கத்துகிறவன்தான். அன்று கத்தாமல் அவள் பக்கத்தில் மணலில் இருந்தேன். அவளுடைய தோள் என் தோளில் பட்டது. அவள் வந்த பிறகு முதல் தடவையாக அவள் என் பெண்சாதி மாதிரி இருந்தாள். அந்த நேரம் அப்படியே நின்றுவிடாதா என்று இருந்தது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் அந்த மணலில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வருவேன்.

விமான நிலையத்தில் உள்ளே போகும் முன், நல்லபடி போய்ச் சேர வேண்டிக்கொள்ளுங்க என்றாள். ஓம் என்றேன். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்ததும் நான் நேர்மாறாக வேண்டினேன். டிக்கட்டில் ஏதாவது பிழை இருக்கட்டும், பாஸ்போட்டை ஒரு சிடுமூஞ்சி அதிகாரி திருப்பிக் கொடுக்கட்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு இந்தக் கதவாலேயே அவள் திரும்பி வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியனுப்ப வந்த மற்றவர்கள் எல்லாரும் வேன் பிடித்துப் போய்விட்டார்கள். பிளேன் எழும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலை மாரிக்கு முன்னே நிரந்தரமானது. அந்தச் செய்தியை அவளுக்குப் போனில் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "பாத்தீங்களா, மாதா கேட்டுட்டா." ஓம், நீ கேட்டதை மட்டும் கேட்டுட்டா என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, ஓம் என்று மட்டும் அனுப்பினேன்.